தோல் மட்டுமே சாட்சி

நாவலூர், தாம்பரம் பக்கம் இரவில் மதில் மேலும் தென்னை மரத்திலும் ஓடும் பிராணியைப் பலர் புனுகுப்பூனை என்கிறார்கள். பெரும்பாலும் அது மரநாய்தான். வாலில் வளையம் இருக்காது. வளையம் போட்ட வாலும், முதுகில் கோடுபோல் ஓடும் புள்ளி வரிசைகளும் இருந்தால் அது சிறு புனுகுப்பூனை. இவற்றைவிட மிகப் பெரிய இன்னொன்றும் நூல்களில் உண்டு: மலபார் புனுகுப்பூனை. உடலெங்கும் பெரிய கரும்புள்ளிகள், முதுகுத்தண்டு நெடுகச் சிலிர்த்து நிற்கும் கறுப்பு மயிர். 1862இல் எட்வர்ட் பிளைத் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் மதராஸ் படை மருத்துவர் தாமஸ் ஜெர்டன், மேற்குக் கரையோரக் காடுகளில் இது சாதாரணமாகத் தென்படுவதாக எழுதினார். நூறு ஆண்டு கழித்து இது அநேகமாக அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் எங்காவது ஒன்றிரண்டு மிஞ்சியிருக்குமா?

மிஞ்சியிருக்கும் என்பவர்கள் 1987ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு மலப்புறம் மாவட்டத்தில் கிடைத்த தோல்களை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் குரூப் அடையாளம் கண்டார். அதன்பின் அஷ்ரஃப், அஜித் குமார், ஜான்சிங் ஆகிய ஆய்வாளர்கள் முந்திரித் தோப்புகளில் விசாரித்து, மேலும் தோல்கள் கிடைத்ததை 1993இல் எழுதினார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாகவே பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் பிற்பாடு கர்நாடகத்திலும் கேரளத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகள் தானியங்கிக் கேமராக்கள் வைத்துப் பார்த்தும் ஒரு படம்கூடச் சிக்கவில்லை.

இரவாடி விலங்குதானே, கண்ணில் படாமல் இருக்கலாமே என்று கேட்கலாம். ஜெர்டன் பெயர் தாங்கிய கல்குருவியும் 1900க்குப் பின் காணாமல் போய், 1986இல் கடப்பைப் பக்கம் லங்கமலையில் திரும்பக் கிடைத்ததே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள். ஆனால் அந்தப் பறவை வாழ்ந்தது ஆள் நடமாட்டம் குறைந்த முட்புதர்க் காட்டில். மலபார் புனுகுப்பூனைக்குச் சொல்லப்படும் வாழிடமோ மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரத் தாழ்நிலம். அங்கே தரையில் நடமாடும் பெரிய விலங்கு வண்டியில் அடிபட்டோ, கோழிக்கூட்டில் மாட்டியோ எப்போதாவது அகப்பட்டே தீரும். நம் புறநகரில் மரநாய் ஒளிந்துதான் வாழ்கிறது. ஆனாலும் ஊரார் கண்ணுக்கு அது தப்பவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மலபார் துறைமுகங்கள் நெடுங்காலம் புனுகு வாணிபம் நடந்த இடங்கள். வாசனைச் சுரப்புக்காகப் புனுகுப்பூனைகளைக் கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். மலபார் வகையும் மியான்மர் முதல் வியட்நாம் வரை வாழும் பெரும்புள்ளிப் புனுகுப்பூனையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கப்பலில் வந்து கூண்டிலிருந்து தப்பிய விலங்குகளையே நாம் தனி இனமாக எண்ணிக்கொண்டோமோ என்று ஆய்வாளர்கள் நந்தினியும் திவ்யா முதப்பாவும் 2010இல் ஐயம் எழுப்பினார்கள். அப்படியானால் ஜெர்டன் எழுதியது பொய்யா? அவசியமில்லை. தப்பியவை சில காலம் காட்டில் பெருகியிருக்கலாம், அல்லது சிறு புனுகுப்பூனை பற்றிய செய்திகளும் அவர் காதில் கலந்து விழுந்திருக்கலாம். எங்கே, எப்போது பிடித்தது என்ற உறுதியான குறிப்பு இல்லாத தோல், விலங்கு இருந்ததற்குத்தான் சாட்சி. அது அங்கேதான் பிறந்தது என்பதற்குச் சாட்சியாகாது.

ஆகவே உயிருள்ள ஒன்று கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கை அப்படியே மூடிவிடவும் கூடாது. அருங்காட்சியகத் தோல்களின் மரபணுவைத் தென்கிழக்காசிய வகையோடு ஒப்பிடுவதே முதல் வேலை. வேறுபட்டால், தாழ்நிலக் காடுகளை அழித்து ஒரு தனி இனத்தையே இழந்திருக்கிறோம் என்று பொருள்; அங்கே எஞ்சிய துண்டுக் காடுகளில் தேடலைத் தொடரவேண்டும். ஒத்துப்போனால், தேடலுக்கு ஒதுக்கும் பணத்தைக் கண்ணெதிரே குறைந்துவரும் விலங்குகளுக்குத் திருப்பிவிடலாம்.