போதிதர்மருக்கு அடிதடி சொல்லிக்கொடுத்தது யார்?

சென்னையை அடுத்த நெமிலிச்சேரியில் நிற்பவருக்கு இரண்டு வழி. ரயிலேறி மேற்கே போய் அரக்கோணத்தில் மாறினால் காஞ்சிபுரம். வெளிவட்டச் சாலையில் தெற்கே இறங்கினால் நசரத்பேட்டை, அதை ஒட்டி செம்பரம்பாக்கத்து ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளம். ஒரு பக்கம் பல்லவர் தலைநகரம், மறுபக்கம் எந்தத் தலைநகரத்தையும் பிளைவுட்டில் எழுப்பிவிடுகிற இடம்! ‘ஏழாம் அறிவு’ படம் காஞ்சிப் பல்லவ இளவரசராகக் காட்டிய பௌத்தத் துறவி போதிதர்மர் இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தவர். வாங்க, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்.

2011 தீபாவளிக்கு வந்த படம். ஏ.ஆர். முருகதாஸ் இயக்கம், பீட்டர் ஹெய்ன் சண்டை. சீனக் கிராமத்தில் போதிதர்மராக வரும் சூர்யா தனி ஆளாகக் கூட்டத்தைத் துவம்சம் செய்யும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். சினிமாச் சண்டையின் சூட்சுமமே, குத்து முகத்தில் படாது என்பதுதான்! குத்தின் நேர்கோட்டில் கேமராவை வைத்தால் இடைவெளி மறைந்துவிடும். வாங்குகிறவர் சரியான நொடியில் தலையைத் திருப்ப வேண்டும். மீதியை ‘டிஷ்யூம்’ பார்த்துக்கொள்ளும். பறக்கிறவர் இடுப்பில் ரோப், மறுமுனையில் இழுக்க ஒரு கூட்டம், அப்புறம் கணினியில் கயிறு அழிப்பு. நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 22 எடுத்தால் கை மின்னலாகப் பாயும்.

ஆனால் பெரிய ஸ்டண்ட் கேமரா வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, 547 வாக்கில் யாங் சுவான்ஷி எழுதிய லோயாங் நகரத்துக் கோயில்களின் வரலாறு. அதில் போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்தவர். வயது 150 என்று சொல்லிக்கொள்கிறார். கோயில் கோபுரத்தைப் பார்த்து வாய்பிளக்கிறார். ஒரு உதைகூட இல்லை! அதே நூற்றாண்டில் எழுதிய தன்லின் என்பவர்தான் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். நம் காதில் தேன். ஆனால் அவரும் காஞ்சியைச் சொல்லவில்லை, பல்லவரையும் சொல்லவில்லை.

அடிதடி எப்போது ஒட்டிக்கொண்டது? 1624 என்று தேதியிட்ட ‘யிஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் அவர் பெயரில் வந்தது. 1900-களின் தொடக்கத்தில் வெளியான ‘லாவோ சானின் பயணங்கள்’ நாவல், அவர் ஷாவோலின் கோயிலில் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்ற கதையைப் பரப்பியது. 1930-களில் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் முடிச்சை அவிழ்த்தார். அதாவது, போதிதர்மருக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தவர்கள் சீன எழுத்தாளர்கள். நம் ஸ்டண்ட் மாஸ்டர்களின் முன்னோடிகள்!

சண்டைக் கலைஞர் படம் என்றாலே இப்படித்தான். 2008-இன் ‘இப் மேன்’ படத்தில் பத்து ஜப்பானியரைக் குங்ஃபூ ஆசான் இப் மேன் ஒரே நேரத்தில் வீழ்த்துவது கற்பனை. 1993-ல் புரூஸ் லீயைப் பற்றி வந்த படத்தில் அவர் முதுகு உடைவது சண்டையில். நிஜத்தில் முதுகில் காயம்பட்டது 1970-ல் எடை தூக்கியபோது.

இதெல்லாம் எனக்கு இனிக்கிறது. ‘ஏழாம் அறிவு’ நோக்குவர்மம் என்ற வர்மக்கலையைக் கண்பார்வையாலேயே ஊரை ஆட்டிவைக்கும் வித்தையாக்கியதும் இனிக்கிறது. ஒன்றுதான் உறுத்துகிறது: தெருவில் மக்களை நிறுத்தி, போதிதர்மரைத் தெரியுமா என்று கேட்கும் பகுதி. அங்கே படம் ஆவணப்பட வேஷம் கட்டி, மறந்துவிட்டாயே என்று நம்மை அதட்டுகிறது. நிரூபணமில்லாத ஒன்றை மறந்ததற்கா அதட்டல்?

நிரூபணமுள்ள கதை ஒன்று சீனாவிலேயே காத்திருக்கிறது. 495 வாக்கில் ஷாவோலின் கோயில் எழுந்ததே பத்துவோ என்ற இந்தியத் துறவிக்காகத்தான். 621-ல் அக்கோயில் துறவிகள் லீ ஷிமின் என்ற இளவரசருக்காகப் போருக்கு இறங்கினார்கள். அதைச் சொல்லும் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் ஷாவோலினில் நிற்கிறது. மாஸ்டர், ரோப் கட்டுங்கள், அதை எடுக்கலாம்!