மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துச் சாமானிய மூதாதையர்: சான்றுகளும் அணுகுமுறையும்

வரலாறு மன்னர்க்கும் வன்னியனார்க்கும் மட்டும் உரியதன்று என்பதை இன்று பலரும் ஒப்புக்கொள்வர். எனினும் தம் குடும்ப வரலாற்றை எழுத முற்படும்போது அவர்களும் ஒரு போடியாரைத் தேடியே செல்கின்றனர். படுவான்கரையில் உழுதவரும் எழுவான்கரையில் வலை வீசியவரும் அத்தேடலில் விடுபடுகின்றனர். அத்தகைய ஒருவரின் வாழ்வை எச்சான்றுகள் கொண்டு மீட்கலாம் என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சான்றுகளின் வர்க்கச் சார்பினை மனங்கொள்ளல் வேண்டும். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் நிகழ வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆதலின் போடியாருக்கு உறுதிகள் உள. அவர் வயலில் நெல்லைக் கூலியாகப் பெற்று உழைத்த வயற்காரருக்கு அவை இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுமுறை 1867இல் தொடங்கி, 1897இலேயே கட்டாயமாயிற்று. 1871இல் வந்த முதலாவது குடிசனமதிப்பின் அறிக்கை அவரைத் தொகையில் ஒருவராகக் கொண்டதேயன்றிப் பெயர் சுட்டிற்றில்லை.

ஆயினும் பிறருடைய ஆவணங்களில் அவர் தென்படக்கூடும். ஓர் உறுதியின் நான்கெல்லைகளுள் ஒன்று அவரது வளவாக இருக்கலாம். சாட்சியாகப் புள்ளடியிட்டவர் அவராகலாம். கிறித்தவக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவேடுகள் உதவும். வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசன் பணியைத் தொடங்கினார்; கத்தோலிக்கரின் தொடர்போ அதனினும் பழையது.

இத்தேடலில் நேரும் பெரும்பிழை, தந்தை பெயரை மட்டும் பின்பற்றிச் செல்வதாகும். இப்பிரதேசத்தில் குடி தாய்வழியாகவே வருவது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி முதலான பெயர்கள் தாயிடமிருந்து பிள்ளைகளைச் சேர்வன. முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடிமரபு உண்டு. வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். எனவே ஒருவர் பிறந்த ஊரும் இறந்த ஊரும் வேறாகலாம். அவரது குடியோ மாறுவதில்லை. தந்தை பெயரும் வதிவிடமும் குறிக்கும் பதிவேடு கைவிட்ட இடத்தில், குடிப்பெயரே வழிகாட்டும்.

பழைய உறுதியொன்றில் மாமனின் காணி மருமகனிடம் சேர்ந்திருப்பின், மகன் வஞ்சிக்கப்பட்டான் என எண்ணுதல் பொருந்தாது. முக்குவர் சட்டத்தின்படி முதுசம் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அவ்வழக்கு சட்டவலு இழந்தது. அவ்வாண்டுக்கு முன்னைய ஆவணத்தையும் பின்னையதையும் ஒரே அளவுகோலால் அளத்தல் ஆகாது.

குடியை இலட்சியமயப்படுத்துதலும் தவறே. கோயில் உரிமைகளின் முறைவரிசையிலே குடிகளின் ஏற்றத்தாழ்வு வெளிப்படை. நாம் நாடும் சாமானியர் அவ்வரிசையின் இறுதியில் நின்றவராகலாம், அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டவராகவும் ஆகலாம். பெயரீற்றில் 'போடி' என வருவதை மட்டும் கொண்டு நிலவுடைமையைத் துணிதலும் கூடாது. குடும்ப நினைவு மூதாதையை உயர்த்தும் இயல்பினது. அவ்வுயர்த்தலும் ஆராயப்படவேண்டிய சான்றேயாம்.

1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும், நீண்ட போரும், 2004 திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையும் இப்பிரதேச வீடுகளில் இருந்த கடதாசிகளைப் பெருமளவில் அழித்தன. ஆதலின் முதியோரின், சிறப்பாகப் பெண்களின், வாய்மொழிச் சான்று முதன்மை பெறுகின்றது. தாயின் தாய் எவர், அவர் எந்த வளவில் இருந்தார், எவருடைய வயலில் எவ்வேலை செய்தார், கூலி எவ்வாறு அளக்கப்பட்டது என வினவி, விடைகளைக் காணிப் பதிவகத்து உறுதிகளோடு ஒப்புநோக்குதல் வேண்டும். 'எங்கள் ஆட்களுக்குக் காணி இல்லை' என்ற விடை கிடைப்பின் தேடல் தோல்வியுற்றதாகக் கொள்ளலாகாது. அக்காணி எவரிடம் இருந்தது, அதில் எவர் உழைத்தார் என்ற வினாக்களிலிருந்தே அவ்வுழைப்பாளியின் வரலாறு எழுதப்படல் வேண்டும்.