தொலைநாட்டு நண்பருக்குத் துணை

பூமியதிர்ச்சியுற்ற நாட்டிலே நண்பர் எவரேனும் இருப்பின், உடனே பொதியொன்றைக் கட்டி அனுப்பவே உள்ளம் விழையும். அப்பொதி அவரைச் சென்றடையுமா?

2010 ஆம் ஆண்டு சனவரி 12 ஆந் திகதி மாலை, ஹெயிட்டியின் தலைநகராகிய போட்-ஓ-பிரின்ஸ் 7.0 அளவினதான அதிர்ச்சியால் நொறுங்கிற்று. துறைமுகத்தின் இறங்குதுறைகள் சரிந்தன. விமான நிலையத்துக்கோ ஓடுபாதை ஒன்றே. மருத்துவக் கருவிகளை ஏற்றிவந்த விமானங்களே இறங்க இடமின்றித் திருப்பப்பட்டன. அவ்வாறாயின் நமது பொதிக்கு வழியேது?

கோயில்களிற் சேர்ந்த காணிக்கைப் பணம் வேறு வழியாற் சென்றது. கத்தோலிக்கத் துயர்துடைப்பு நிறுவனமாகிய கரித்தாசுக்கு ஹெயிட்டியில் முன்னரே கிளை உண்டு. தலைநகர்ப் பேராலயம் இடிந்தது. பேராயர் யோசேப் சேர்ஜ் மியோவும் அன்றே உயிர்துறந்தார். ஆயினும், எத்தெருவில் எவர் வாழ்ந்தனர் என்பதைப் பங்குமக்கள் அறிந்திருந்தனர். வெளியார்க்கு அவ்வறிவு எளிதிற் கிட்டாது. உணவும் கூடாரத் துணியும் அயல்நாடான டொமினிக்கன் குடியரசிலிருந்து தரைவழியே வந்தன.

ஒன்று கூறவேண்டும். இப்பணத்தை ‘இன்னாருக்கே கொடுங்கள்’ என்று பெயர் குறித்து அனுப்புதல் ஆகாது; தேவை மிகுந்தவருக்கே அது முதலிற் சேரும். நண்பரின் தனித்தேவையைக் கடிதமெழுதிக் கேட்டறிதல் வேறு அலுவல், அதனையும் செய்யலாம்.