கர்ப்பிணிகளும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையும்

கர்ப்பகாலத்தில் மருத்துவர் எழுதித்தரும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனை, சிபிலிஸ் என்னும் மேகநோயைக் கண்டறிவதற்கானது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் செய்யப்படுவது இது. எவருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிப்பதன்று.

வெறும் வயிற்றோடு செல்லத் தேவையில்லை. கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். முன்பு இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

'ரியாக்டிவ்' என்று முடிவு வந்தால் உடனே கலங்காதிருங்கள். கர்ப்பத்தினாலும் மலேரியா போன்ற நோய்களாலும் அவ்வாறு வரக்கூடும். டி.பி.எச்.ஏ. போன்ற வேறொரு சோதனையே அதை உறுதிசெய்யும்.

நோய் உறுதியானாலும் பென்சிலின் ஊசியால் குணமாகும். சிகிச்சையின்றி விட்டால் சிசு கருவிலேயே மரிக்கலாம். கணவரும் சோதித்துக்கொள்வது அவசியம். இல்லாவிடில் நோய் மீண்டும் தொற்றும். வெட்கத்தினிமித்தம் ஒரு பிள்ளையை இழந்துவிடாதிருங்கள்.