கங்கைக் கப்பலும் காசியின் இசையும்

நாட்டின் ஆறுகள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மட்டுமே உரியவை அல்ல. மிகப் பழமையான போக்குவரத்துப் பாதைகளும் அவையே. இருப்புப்பாதை வருவதற்கு முன்னர் வட இந்தியாவின் வாணிகம் பெரும்பாலும் கங்கை வழியாகவே நடைபெற்றது. 1834-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் அலகாபாத்துக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. 1860-களில் இருப்புப்பாதை காசிப் பகுதியை எட்டியதும் இந்நீர்வழியின் முக்கியத்துவம் குறையலாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் புறக்கணிக்கப்பட்டிருந்த இப்பாதை இப்பொழுது மீண்டும் உயிர்பெற்று வருகிறது. சரக்குகளோடு சுற்றுலாப் பயணிகளும் கப்பலில் வருகின்றனர். அவர்கள் இறங்கும் ஊர்களுள் தலையாயது வாரணாசி.

வாரணாசி புனிதத் தலம் என்பதை அனைவரும் அறிவர். அது நாட்டின் தொன்மையான இசை நகரம் என்பது அந்த அளவுக்கு நினைவில் கொள்ளப்படுவதில்லை. ஒரு நாளோ இரு நாட்களோ தங்கிச் செல்லும் கப்பல் பயணி இந்த இசையை எவ்வளவு அறிய முடியும்? அவரது வருகையால் அவ்விசையைப் பேணுவோர்க்கு என்ன பயன் கிட்டும்? ஆற்றுச் சுற்றுலா வளர்ந்து வரும் வேளையில் இவ்வினாக்கள் ஆராயத்தக்கவை.

தேசிய நீர்வழி எண் 1

அலகாபாத்திலிருந்து (இன்றைய பிரயாக்ராஜ்) ஹால்தியா வரை கங்கை, பாகீரதி, ஹூக்ளி ஆறுகளின் வழியே செல்லும் 1,620 கி.மீ. நீளமுள்ள பாதை 1986-ஆம் ஆண்டில் நாட்டின் முதலாவது தேசிய நீர்வழியாக நடைமுறைக்கு வந்தது. இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையமும் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் இத்தகைய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக உயர்த்தியது. உலக வங்கியின் உதவியுடன் வாரணாசிக்கும் ஹால்தியாவுக்கும் இடையிலான பகுதியை மேம்படுத்தும் திட்டத்தின் கீழ், 2018 நவம்பரில் வாரணாசியில் பல்வகைப் போக்குவரத்து முனையம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது.

2023 ஜனவரி 13 அன்று 'கங்கா விலாஸ்' என்னும் பயணிகள் கப்பல் வாரணாசியிலிருந்து புறப்பட்டு, பாட்னா, கொல்கத்தா, வங்காளதேசம் வழியாக அஸ்ஸாமின் திப்ருகருக்குச் சென்றது. ஏறத்தாழ 3,200 கி.மீ. தொலைவு, 51 நாள் திட்டம், 18 அறைகள், 36 பயணிகள். இத்தகைய கப்பலின் அளவு சிறிது. ஆயினும் ஒவ்வொரு பயணியும் செலவிடும் தொகை பெரிது. அத்தொகையில் எவ்வளவு கரையைச் சென்றடைகிறது என்பதே வளர்ச்சி நோக்கில் முதன்மையான வினாவாகும்.

நீரின் ஆழமும் கப்பலின் காலமும்

கங்கை ஆண்டு முழுவதும் ஒரே தன்மையுடன் ஓடுவதில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை வெள்ளம் படிக்கட்டுகளை மூழ்கடிக்கிறது. அக்காலத்தில் படகுகள்கூட நிறுத்தி வைக்கப்படுவது உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி பார்வையை மறைக்கும். கோடை நெருங்க நெருங்க நீர் வற்றி மணல் திட்டுகள் தலைகாட்டும். மேம்பாட்டுத் திட்டத்தில் ஹால்தியாவிலிருந்து பார் வரை 3 மீட்டர், அங்கிருந்து காஜிபூர் வரை 2.5 மீட்டர், காஜிபூர் முதல் வாரணாசி வரை 2.2 மீட்டர் என ஆழம் குறிக்கப்பட்டிருப்பதிலிருந்தே, மேற்கே செல்லச் செல்ல ஆறு ஆழம் குறைவதை உணரலாம். தூர்வாருதல் ஒரு வழி. மூங்கில் தட்டிகளை ஆற்றில் நட்டு, ஓட்டத்தை ஒருமுகப்படுத்தி, நீரைக் கொண்டே மணலை அரித்து வழி உண்டாக்குவது மற்றொரு வழி. பின்னது வங்காள, பீகார் ஆற்றோர மக்கள் நெடுங்காலமாக அறிந்த முறையாகும்.

இக்காரணங்களால் கப்பல் சுற்றுலாவுக்கு ஏற்ற பருவம் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை அமைகிறது. வாரணாசியில் பெரிய கப்பல் நடு நகரின் படித்துறைகளை நெருங்குவதில்லை. தெற்கே ரவிதாஸ் துறையிலோ, எதிர்க்கரையில் ராம்நகர்ப் பக்கத்திலோ நிற்கிறது. பயணிகள் சிறு படகுகளில் நகருக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். வைகறையில் படித்துறைகளின் காட்சி, பகலில் சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள சாரநாத், பட்டு நெசவுக் கூடம், மாலையில் தசாசுவமேதத் துறையில் கங்கை ஆரத்தி என்பதே வழக்கமான நிரல். இந்த நிரலில் கண்ணுக்கு விருந்து உண்டு. செவிக்கு உரிய இடம் குறைவு.

தலைமுறைகளின் இசை

யுனெஸ்கோ நிறுவனம் 2015 டிசம்பரில் வாரணாசியை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2017-இல் சென்னையும், 2023-இல் குவாலியரும் இதே சிறப்பைப் பெற்றன. வாரணாசி இச்சிறப்பைப் பெற்றதற்கு அடிப்படை அரண்மனையோ அரங்கமோ அன்று; கபீர் சௌரா போன்ற குறுகிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த குடும்பங்களே ஆகும்.

பனாரஸ் தபலா மரபின் முதல்வராகக் கருதப்படுபவர் பண்டிட் ராம் சகாய். லக்னோவில் மோது கானிடம் நெடுங்காலம் பயின்ற அவர், அங்கு கற்றதை அவ்வாறே கையாளவில்லை. பக்காவஜ் எனும் பழைய மத்தளத்தின் திறந்த, கம்பீரமான ஒலியைத் தபலாவில் புகுத்தினார். இம்மரபில் வந்த கண்டே மகராஜ், அனோகேலால், சாம்தா பிரசாத், கிஷன் மகராஜ் ஆகியோர் நாடறிந்த மேதைகள்.

வாய்ப்பாட்டில் இந்நகரின் தனிச்சொத்து தும்ரி. பாடலின் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களில் மறைந்துள்ள பல உணர்ச்சிகளை ஒவ்வொன்றாக வெளிக்கொணரும் நிதானமான முறை பனாரஸ் தும்ரிக்கு உரியது. ரசூலன் பாய், சித்தேசுவரி தேவி, கிரிஜா தேவி ஆகிய மூவரும் 20-ஆம் நூற்றாண்டில் இதற்குப் புகழ் சேர்த்தனர். பீகாரின் தும்ராவில் பிறந்து காசியில் வளர்ந்த உஸ்தாத் பிஸ்மில்லா கான், கங்கைக் கரையிலுள்ள பாலாஜி ஆலயத்தில் பயிற்சி செய்து ஷெனாயை மங்கல வாத்தியம் என்னும் நிலையிலிருந்து கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். நாகசுரத்தை அறிந்த தமிழ் மக்களுக்கு இச்சாதனையின் அருமை எளிதில் விளங்கும்.

தமிழகத்துக்கும் இந்நகரின் இசைக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். அங்கு கேட்ட துருபத் இசையின் நிதானமான நடை அவரது கீர்த்தனைகளில் படிந்திருப்பதாக இசை அறிஞர்கள் கருதுகின்றனர்.

புரவலர் மாறிய கதை

இவ்விசையை வளர்த்தவர்கள் காசி அரசரும், ஜமீன்தார்களும், செல்வ வணிகரும் ஆவர். ஹோலிப் பண்டிகைக்குப் பின் வரும் செவ்வாய்க்கிழமையில் 'புட்வா மங்கள்' என்னும் விழா நடைபெறும். பெரிய படகுகளைப் பிணைத்து, விரிப்பும் விளக்கும் அமைத்து, கங்கையின் நடுவே இரவு முழுவதும் பாட்டும் ஆட்டமும் நிகழும். ஆற்றுப் பயணமும் இசையும் இணைவது காசிக்குப் புதிதன்று என்பதற்கு இவ்விழாவே சான்று. 20-ஆம் நூற்றாண்டில் நலிவுற்ற இது, பின்னர் மீண்டும் நடத்தப்படலாயிற்று.

உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி முறை 1950-களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. நில உறவில் அது நியாயமான சீர்திருத்தம். ஆனால் பழைய புரவலர்களை நம்பியிருந்த கலைஞர்கள் வேறு ஆதரவு தேட வேண்டியதாயிற்று. வானொலியும் சங்கீத மாநாடுகளும் பலருக்குக் கைகொடுத்தன. சிலருக்கு அதுவும் போதவில்லை. ரசூலன் பாய் தம் இறுதிக் காலத்தை வறுமையில் கழித்து 1974-இல் மறைந்தார். கலைஞர் பலர் வாய்ப்பு நாடிக் கொல்கத்தா, டில்லி, மும்பை நகரங்களுக்குப் பெயர்ந்தனர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1950-இல் பண்டிட் ஓம்கார்நாத் தாக்கூரின் தலைமையில் தொடங்கிய இசைக் கல்லூரி, குருவின் இல்லத்துக்கு வெளியேயும் பயிற்சிக்கு வழி வகுத்தது.

இந்தப் பின்னணியில்தான் கப்பல் பயணியின் வருகையை மதிப்பிட வேண்டும். அவர் புதிய புரவலராகவும் ஆகலாம். வேடிக்கை பார்த்துச் செல்பவராகவும் நின்றுவிடலாம். இரண்டில் எது நிகழும் என்பது பயண நிரல் வகுக்கப்படும் விதத்தைப் பொறுத்தது.

பொழுதுக்கு ஏற்ற இராகம்

குறுகிய நேரம் ஒரு தடையே எனினும், இந்துஸ்தானி இசையின் இயல்பே அதற்கு ஒரு தீர்வை அளிக்கிறது. இம்மரபில் ஒவ்வொரு இராகத்துக்கும் உரிய பொழுது உண்டு. வைகறைக்கு லலித், பைரவ், காலைக்குத் தோடி, அந்திக்கு மார்வா, பூரியா, முன்னிரவுக்கு யமன். எனவே, பயணி எந்த வேளையில் கரையேறினாலும் அவ்வேளைக்குரிய இசை ஒன்று காத்திருக்கிறது. அசித் துறையில் 2014-இல் தொடங்கப்பட்ட 'சுபஹே பனாரஸ்' என்னும் வைகறை நிகழ்ச்சியில் ஆரத்தியை அடுத்துக் காலை இராகங்கள் இசைக்கப்படுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கதிரவன் எதிர்க்கரையில் எழும் வேளையில் அதைக் கேட்பவர், இராகத்துக்கும் பொழுதுக்கும் உள்ள உறவை விளக்கவுரையின்றியே உணர்ந்துகொள்வார்.

பொழுதைப் போலவே பருவத்துக்கும் பாடல்கள் உண்டு. பங்குனி ஹோலியை ஒட்டி ஹோரி, சித்திரையில் சைத்தி, மழைக்காலத்தில் கஜ்ரி. கப்பல் பருவத்தோடு இவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். கஜ்ரி பாடப்படும் மழைக்காலத்தில் கப்பல் வருவதில்லை. சைத்திக்கு உரிய காலத்தில் நீர் வற்றத் தொடங்கிவிடும். சங்கட மோசன் ஆலயத்தில் 1923 முதல் நடைபெற்றுவரும், கட்டணமின்றி இரவு முழுவதும் கேட்கக்கூடிய இசை விழாவும் ஏப்ரல் அளவிலேயே வருகிறது. ஆனால், துளசித் துறையில் 1975 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறும் துருபத் மேளா கப்பல் பருவத்துக்குள் அமைகிறது. பயண அட்டவணையை இவ்விழா நாட்களுக்கு ஏற்ப வகுத்தால், தனியாகச் செலவு ஏதுமின்றி ஒரு பெரும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பயன் யாருக்கு?

கப்பலின் மேல்தளத்தில் அரைமணி நேரம் பல இசைகளைத் துண்டு துண்டாக அளிக்கும் நிகழ்ச்சி பயணிக்கும் நிறைவு தராது. கலைஞருக்கும் மதிப்பு சேர்க்காது. தும்ரியின் சிறப்பே நிதானம். அதைச் சுருக்கினால் எஞ்சுவது மெட்டு மட்டுமே. மாறாக, இருபது முப்பது பேர் அமரக்கூடிய இல்லக் கூடத்தில், ஒரு இராகத்தையோ ஒரு தும்ரியையோ ஒன்றரை மணி நேரம், சிறு விளக்கத்துடன் கேட்கச் செய்யலாம். கப்பலில் வரும் பயணிகளின் எண்ணிக்கையும் இவ்வளவே. பெரிய அரங்கம் கட்ட வேண்டிய தேவை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஊதியம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு, இடைத்தரகர் இன்றிக் கலைஞரைச் சேர வேண்டும். இரண்டாவது, புகழ்பெற்ற ஒருசிலருக்கே வாய்ப்பு செல்லாமல், பல்கலைக்கழகத்தில் பயின்று வெளிவரும் இளைஞர்களும் பாடகரோடு வரும் சாரங்கி, தபலா, ஆர்மோனியக் கலைஞர்களும் இடம்பெற வேண்டும். மூன்றாவது, தபலாவுக்குத் தோல் வார்ப்பவர், மையிடுபவர், ஷெனாய்க்குச் சீவாளி செய்பவர் ஆகிய கைவினைஞரின் பட்டறைகளையும் நெசவுக் கூடத்தைப் போலவே நிரலில் சேர்க்க வேண்டும். இவர்கள் இல்லையேல் இசையும் இல்லை.

படகோட்டிகளின் நிலையும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். நிஷாத் சமூகத்தினர் தலைமுறைகளாக இத்துறைகளில் படகு செலுத்தி வாழ்பவர்கள். பெரிய இயந்திரக் கலங்கள் பெருகுந்தோறும் தங்கள் பிழைப்பு பறிபோகுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. கப்பலிலிருந்து படித்துறை வரையிலான பயணம் அவர்களது படகுகளிலேயே அமையுமாறு விதி செய்தால், கப்பலின் வரவு அவர்களுக்கு இழப்பாக இராது. டீசல் படகுகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும் பணி இங்கு மேற்கொள்ளப்பட்டுள்ளது. இதனால் புகையும் இரைச்சலும் குறையும் என்பதுடன், துடுப்புப் படகில் அமர்ந்து கரையின் இசையைக் கேட்கும் வாய்ப்பும் கூடும்.

இரைச்சலைக் குறைப்பது மனிதருக்கு மட்டுமன்று, ஆற்றுக்கும் நன்மை. நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை ஓங்கில் ஏறத்தாழப் பார்வையற்றது. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே இரை தேடுகிறது. கப்பலின் வேகத்தையும் சுழலியின் ஓசையையும் கட்டுப்படுத்துவது அதன் உயிர் வாழ்வுக்கு இன்றியமையாதது. கப்பலின் கழிவு ஒரு துளியும் ஆற்றில் கலவாதிருக்க வேண்டும் என்பதும் அவ்வாறே.

ஒரு நாள் தங்கலில் எவரும் காசியின் இசையைக் கற்றுவிட முடியாது. ஓர் இராகத்தை அதற்குரிய பொழுதில் முழுமையாகக் கேட்கலாம். நல்ல கேட்பவர் ஒருவரும் நியாயமான ஊதியமும் கிடைத்தால், கபீர் சௌராவின் இளைஞர் ஒருவர் தம் தந்தையின் கலையைக் கைவிடாதிருக்க அது ஒரு காரணமாகும். கப்பல்களின் எண்ணிக்கையோடு இத்தகைய பயனையும் கணக்கில் கொள்ளும்போதே நீர்வழித் திட்டத்தின் வெற்றி முழுமை பெறும்.