எழுபத்திரண்டில் ஒரு பங்கு



சென்ற ஆண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் இறுதியில், செம்பனைக் குலை வெட்டும் தந்தை ஒருவர் எழுந்து எம்மிடம் ஒரு வினாத் தொடுத்தார். "ஐயா, என் பையன் கணக்கில் பின்தங்கி நிற்கிறான். மாலையில் பள்ளியில் தங்கிச் சண்டை விமானப் பொம்மை ஒட்டுகிறானாம். இதனால் அவனுக்கு என்ன பயன்?" என்றார். அவையில் சிரிப்பெழுந்தது. நாம் சிரிக்கவில்லை, வினா நியாயமானது. அன்று நேரம் போதாமையால் முறையாக விடை கூற இயலவில்லை. ஆகவே இவ்வாண்டு மலரின் வாயிலாக அவருக்கும், அவரைப் போல் எண்ணியும் கேளாதிருந்த ஏனையோருக்கும் விளக்கம் தர முனைகிறோம்.

முதலில் ஒரு சொல். கடையில் தொங்கும் பொம்மை விமானம், பார்ப்பதற்கு விமானம்போல் இருந்தால் போதும். மாதிரி விமானம் உண்மை விமானத்தின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. இறக்கை எத்தனை பங்கு சுருங்கிற்றோ, சக்கரமும் அத்தனை பங்கே சுருங்க வேண்டும். விமானியின் இருக்கையும் அவ்வாறே. உலகில் மிகுதியாக வழங்கும் விகிதங்களுள் ஒன்று 1:72. இந்த எழுபத்திரண்டு எங்கிருந்து வந்தது என மாணவர்கள் கேட்பதுண்டு. அடி, அங்குலக் கணக்கில் பிறந்த எண் அது. ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதர் ஓர் அங்குல உயரமாகிறார். இங்கிலாந்தில் 1936ஆம் ஆண்டிலேயே 'ஃபிராக் பெங்குவின்' என்னும் பெயரில் இவ்வளவிலான பிளாஸ்டிக் உறுப்புகள் பெட்டியில் இட்டு விற்கப்பட்டன. 1953இல் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் மலிவு விலையில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை வெளியிட்ட பின்னரே இக்கலை எளியோர் வீடுகளுக்கும் சென்றது.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, பள்ளி மாணவர்களைப் பற்றிய செய்தி ஒன்று உள்ளது. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டுக்கொண்டது. மரக்கட்டையைச் செதுக்கி, 1:72 அளவில், முழுவதும் கறுப்பு வண்ணம் பூசித் தர வேண்டும். எதற்காக? வானில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்பதை நிழலுருவைக் கண்டே சொல்லப் போர்வீரர்களைப் பழக்குவதற்காக. 10 மீட்டர் தொலைவில் பிடித்த மாதிரி, 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் அளவாகவே கண்ணுக்குத் தோன்றும். இதனை நம் மாணவர்கள் பள்ளித் திடலில் நின்று தாமே கணக்கிட்டு உணர்ந்தனர். நம் மலாயாவிலும் அக்காலத்தில் இக்குழப்பம் நேர்ந்தது. ஜப்பானியத் தரைப்படையின் 'ஹயபூசா' என்னும் விமானத்தைக் கண்ட நேசநாட்டு விமானிகள் பலர், அது கடற்படையின் 'சீரோ' என்றே நம்பினர்.

நம் பள்ளியில் செய்யத் தேர்ந்தெடுத்தது பிரிஸ்டல் பிளென்ஹீம் முதலாம் வகைக் குண்டுவீச்சு விமானம். சீரோவைச் செய்யலாம் என்று மாணவர்கள் விரும்பினர். அது வேகமானது, அழகானது. நாம்தான் மறுத்தோம். பிளென்ஹீம் நம் மண்ணிலிருந்து பறந்த விமானம் என்பதே காரணம்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களிலும் கரையிறங்கினர். மறுநாள் சிங்கோராவிலிருந்த விமானத் தளத்தைத் தாக்குமாறு பட்டர்வொர்த்தில் இருந்த பிளென்ஹீம் விமானங்களுக்கு ஆணை வந்தது. ஆர்தர் ஸ்கார்ஃப் என்னும் படைத்தலைவரின் விமானம் முதலில் மேலெழுந்தது. எழுந்த அக்கணமே ஜப்பானிய விமானங்கள் தளத்தின்மீது பாய்ந்து, புறப்படக் காத்திருந்த மற்ற விமானங்களைச் சிதைத்துவிட்டன. ஸ்கார்ஃப் திரும்பவில்லை. தனியே சென்று குண்டுகளை வீசினார். எதிரி விமானங்கள் சூழ்ந்து சுட்டதில் அவர் கையிலும் முதுகிலும் கொடிய காயம் பட்டது. உடனிருந்தோர் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டார் வரை விமானத்தைச் செலுத்தி வந்து, துணைவர் இருவருக்கும் சிறு காயமும் நேராமல் தரையிறக்கினார். அவருடைய மனைவி அலோர் ஸ்டார் மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். அம்மருத்துவமனையிலேயே ஸ்கார்ஃப் உயிர் நீத்தார். 1946இல் விக்டோரியா சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் துயில்கிறார்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பிளென்ஹீமின் இறக்கை அகலம் 17.17 மீட்டர்; அதனை 72ஆல் வகுத்தால் 23.8 சென்டிமீட்டர். பெட்டியைத் திறந்தவுடன் முதல் வேலை இக்கணக்கே. பின்னர் உறுப்புகளைச் சட்டத்தோடு சவர்க்கார நீரில் கழுவுதல் வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. உறுப்பைக் கையால் முறுக்கிப் பிய்த்தல் ஆகாது. வெட்டுக் குறடால் நறுக்கி, எஞ்சிய மேட்டை நுண்ணிய மணல்தாளால் நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்த பின்னரே பசையிட வேண்டும். ஏனெனில் இப்பசை நம் வீட்டுக் கோந்து போன்றதன்று. பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றோடொன்று இணைப்பது. ஒரு துளி மிகுந்தாலும் பரப்பு கரைந்து, விரல்ரேகை என்றென்றைக்கும் பதிந்துவிடும்.

வண்ணம் பூசுவதில் மாணவர் அனைவரும் செய்யும் தவறு ஒன்று: தடிப்பாகப் பூசுதல். வண்ணப்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்தாலும், உண்மை விமானத்தில் அது 7 மில்லிமீட்டருக்கு மேல் ஆகும். எந்த விமானமாவது சுண்டுவிரல் பருமனுக்குச் சாயம் பூசிக்கொண்டு பறக்குமா? ஆகவே நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னர், பூச வேண்டும். மழை நாளில் பூசுதல் கூடாது. நம் நாட்டு ஈரக்காற்றில் சிலவகைப் பூச்சு வெளிறிப் புகைபடர்ந்தாற்போல் ஆகிவிடும். சன்னல்களைத் திறந்து வைத்தே இவ்வேலை செய்தல் வேண்டும். மேற்புறத்திற்குக் கரும்பச்சையும் மண்பழுப்பும். வட்டக் குறிகள் நீரில் ஊறவைத்து ஒட்டும் படங்கள். மினுக்கப் பூச்சின்மீது ஒட்டினால்தான் அடியில் காற்று தங்கி வெள்ளை படராது. அவ்வட்டத்தின் நடுவே சிவப்பு இருக்கும். பின்னாளில் ஆசியப் போர்க்களத்தில் பிரிட்டிஷார் அச்சிவப்பை நீக்கிவிட்டனர். ஜப்பானியரின் செவ்வட்டமெனக் கருதித் தம்மவரே சுட்டுவிடக் கூடாதென்பதற்காக. 1941இன் விமானத்திற்குச் சிவப்பு இருத்தல் வேண்டும்.

நுண்வேலைகளில் மாணவர் மிகவும் விரும்பியது வானொலிக் கம்பி. மிச்சமான பிளாஸ்டிக் சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சற்றுத் தொலைவில் சுழற்றி, இளகியதும் விலக்கி இருபுறமும் மெல்ல இழுத்தால், தலைமயிரினும் மெல்லிய இழை கிடைக்கும். ஆசிரியரோ பெற்றோரோ அருகிலின்றி இதனைச் செய்யவே கூடாது. இருக்கைப் பட்டைகளை மெல்லிய ஈயத்தாளில் நறுக்கினோம். இயந்திரப் புகைக்கறைக்குக் கரித்தூள் போதும். சில பிள்ளைகள் அழுக்கே அழகென்று எண்ணி விமானத்தைக் குப்பைமேட்டிலிருந்து எடுத்தாற்போல் ஆக்கிவிடுகின்றனர். அது நமக்கு உடன்பாடன்று.

பிளென்ஹீமின் மூக்குப் பகுதி முழுதும் கண்ணாடி. உள்ளே இருப்பது அனைத்தும் வெளியே தெரியும். வினாத் தொடுத்த தந்தையாரின் மகனிடமே அக்கண்ணாடியைப் பொருத்தும் பணியை ஒப்படைத்திருந்தோம். விரைவாக ஒட்டும் பசையை அவன் பயன்படுத்தினான். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து பனிபோல் வெளுத்துவிட்டது. மூன்று நாள் அவன் மாலை வகுப்பிற்கு வரவில்லை. நான்காம் நாள் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து எம் மேசைமீது வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் தெளியும் என்று காட்டினோம். இரண்டு மாலைகள் தேய்த்தான். முழுதும் தெளியவில்லை; இடப்பக்கத்தில் ஒரு மங்கல் இன்றும் உண்டு. அதன் பின்னர் இறக்கைகளை இணைத்தபோது, எவரும் சொல்லாமலே அடிக்கோலை எடுத்து அளந்து, "23.6 தான் ஐயா இருக்கிறது, இரண்டு மில்லிமீட்டர் குறைகிறது" என்றவன் அவனே. ஒரு பக்கம் இறக்கை முழுதும் பொருந்தாமல் இருந்தது. கணக்குத் தேர்வில் அவன் மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்பீர்களாயின், ஓரளவே உயர்ந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறோம்.

மற்றொரு வினாவும் அத்தந்தையின் சொல்லில் மறைந்திருந்தது. சண்டை விமானம் எதற்கு? இதற்கு எம் வாழ்விலிருந்தே ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் நாமும் ஒரு சீரோ விமானம் செய்து, விடுமுறைக்கு வந்தபோது தோட்டத்து லயத்து வீட்டின் நடுக்கூடத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். அன்றிரவு எம் பாட்டியார் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையற்கட்டிற்குச் சென்று படுத்தார். காரணம் கேட்டோம். 1941இல் பால்மரக் காட்டில் விமானச் சத்தம் கேட்டு, கைக்குழந்தையோடு வடிகாலில் விழுந்து கிடந்தவர் அவர். பாட்டனார் பின்னர் சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்றார்; திரும்பவில்லை. "அப்போது வந்தது எந்த நாட்டு விமானம், ஆயா?" என்று அறியாமையால் கேட்டோம். "மேலே சத்தம் கேட்டால் ஓடினோம் அய்யா. யாருடையது என்று எவர் நின்று பார்த்தார்?" என்றார். மறுநாள் விடியுமுன் நூலை அறுத்து அதனைப் பெட்டிக்குள் வைத்தோம்.

ஆகவேதான் நம் பள்ளியில் எந்த மாதிரி விமானமும் தொங்கவிடப்படுவதில்லை. நூலகத்தின் கண்ணாடி அலமாரியில், சக்கரம் தரையில் ஊன்ற, நிற்கிறது. அதன் முன் ஓர் அட்டை. விமானத்தின் பெயரும் வேகமும் மட்டும் எழுதினால் நாம் ஏற்பதில்லை. யார் ஓட்டினர், எங்கிருந்து எங்குச் சென்றது, கீழே இருந்தோர் யாவர் என்பனவற்றையும் எழுத வேண்டும். பிளென்ஹீமின் அட்டையை எழுதப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரமாயிற்று. கீழே இருந்தோரைப் பற்றி எழுத, வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு வருமாறு அனுப்பினோம். சிலர் வெறுங்கையோடு திரும்பினர். ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதி வந்தாள்.

பரிசளிப்பு நாளன்று அத்தந்தை தம் மகனோடு அலமாரியருகே வந்து நின்றார். தம் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அளந்து பார்த்தார். பின்னர் உள்ளே 2.4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் விமானியின் உருவைச் சுட்டி, "இவர்தான் அவரா?" என்று மகனிடம் கேட்டார். மங்கலான பக்கத்தை மறைத்து நின்றுகொண்டே அவன் விடை கூறினான்.

வரும் ஆண்டில், சுங்கை பட்டாணித் தளத்திலிருந்த பஃபலோ விமானத்தைச் செய்ய எண்ணியுள்ளோம். பழுதடைந்த மின்விசிறி, வானொலி முதலியவற்றிலிருந்து கிடைக்கும் மெல்லிய செம்புக் கம்பியும், பழைய பல்துலக்கிகளும் வீட்டில் இருப்பின், பெற்றோர்கள் வீசிவிடாமல் பள்ளி அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.