பிப்ரவரி 20: பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்த தேதியும் நம்மவர்களின் குடியுரிமையும்

ஆயர் குரோ, பிப்.20 - இன்று மலாக்காவில் பொது விடுமுறை. மாநில எல்லையைத் தாண்டினால் விடுமுறை இல்லை. புலாவ் செபாங்கில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தம்பினில் மணி அடித்துப் பாடம் நடக்கும். ‘சுதந்திரத் தேதிப் பிரகடன நாள்’ என்று நாட்காட்டியில் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்டு 31 எல்லாருக்கும் தெரியும். அந்தத் தேதி முதன்முதலில் மக்கள் முன் சொல்லப்பட்ட இடம் நமது மலாக்கா என்பதும், அந்த அறிவிப்புக்குப் பின்னால் வந்த சட்டம் தோட்டத்துத் தமிழர்களின் கையில் எந்த நிறக் கார்டு இருக்கும் என்பதைத் தீர்மானித்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

1956 பிப்ரவரி 20, திங்கட்கிழமை. லண்டன் பேச்சை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் குழுவினர் பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் வந்து இறங்கினர். ஆயர் குரோவிலிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கிருந்து ஊர்வலமாகப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனார்கள். திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால், மலாயா 1957 ஆகஸ்டு 31-இல் சுதந்திரம் அடையும் என்று துங்கு அறிவித்தார்.

பிப்ரவரி 8-இல் லண்டனில் கையெழுத்தான உடன்பாட்டில் “1957 ஆகஸ்டுக்குள், இயலுமானால்” என்றுதான் எழுதியிருந்தது. அந்த ‘இயலுமானால்’ சின்னச் சொல்தான், ஆனால் கதவைத் திறந்தே வைக்கும் சொல். துங்கு திடலில் நாளையே குறித்துச் சொன்னார். மக்கள் முன் நாள் குறித்துவிட்டால் பின்வாங்குவது யாருக்கும் எளிதல்ல. அறிவிப்பிலிருந்து சுதந்திரத்துக்கு 558 நாட்கள். சொன்ன நாளிலேயே கொடி ஏறியது.

தலைநகர் கோலாலம்பூர் இருக்க, மலாக்காவை ஏன் தேர்ந்தெடுத்தார்? காரணம் வெளிப்படை. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததில்தான் அந்நிய ஆட்சி தொடங்கியது. பிறகு 1641-இல் டச்சுக்காரர்கள், 1824 உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ்காரர்கள். 446 ஆண்டுக் கதையின் முடிவை அது தொடங்கிய ஊரிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பிரிட்டிஷ்காரர்கள் கூடிக் களித்த மலாக்கா கிளப் கட்டடமே இன்று பிரகடன நினைவகமாக அங்கே நிற்கிறது. 1985-இல் அது திறக்கப்பட்டது. எதிரே திடலை ஒட்டி இப்போது பேரங்காடி. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் ஒரு முறை சாலையைக் கடந்து உள்ளேயும் போய்ப் பார்க்கலாம்.

லண்டனுக்குப் போன குழுவில் கூட்டணி சார்பில் நால்வர் இருந்தனர்: துங்கு, டாக்டர் இஸ்மாயில், அப்துல் ரசாக், எச்.எஸ்.லீ. சுல்தான்கள் சார்பில் நால்வர். ம.இ.கா.வும் கூட்டணியில் ஓர் அங்கம்தான்; ஆனாலும் அந்த எட்டுப் பேரில் நம்மவர் ஒருவரும் இல்லை. 1955 தேர்தலில் கூட்டணி 52 தொகுதிகளில் 51-ஐ வென்றது, அதில் ம.இ.கா.வுக்கு 2. அந்தத் தேர்தலின் வாக்காளர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். காரணம் எளிது: குடியுரிமை இருந்தால்தான் ஓட்டு. சீனர்களிலும் இந்தியர்களிலும் பலருக்கு அது இல்லை.

அந்த நாளில் தோட்டங்களில் என்ன நிலைமை? 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் எட்டாவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, அரிசிக்குக் கட்டுப்பாடு. பால்மரம் வெட்டப் போகிறவர் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகவும் பல இடங்களில் தடை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று. சின் பெங்குடன் பாலிங்கில் நடந்த பேச்சு முறிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சூழலில் சுதந்திரம் என்ற செய்தி வந்தபோது, மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுந்தது: வெள்ளைக்காரன் போன பிறகு நாம் யார்?

இந்தக் கேள்விக்கு மலாக்காவில் கிடைத்த விடை வேறு, தம்பினில் கிடைத்த விடை வேறு. இதைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும்.

மலாக்காவும் பினாங்கும் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளாக இருந்தவை. அதாவது பிரிட்டிஷ் மகுடத்தின் நேரடி மண். இங்கே பிறந்தவர், அப்பா சேலத்திலிருந்து வந்தவரோ திருச்சியிலிருந்து வந்தவரோ, பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. நெகிரி செம்பிலானும் ஜொகூரும் அப்படியல்ல; அவை மலாய் ஆட்சியாளர்களின் மாநிலங்கள், பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தவை. 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது, மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து இங்கேயே நிரந்தரமாக வாழும் பிரிட்டிஷ் பிரஜை மனு எதுவும் போடாமல் சட்டப்படியே கூட்டரசுக் குடிமகன் ஆனார். எல்லைக்கு அப்பால் பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்கோ பெற்றோர் எங்கே பிறந்தார்கள், எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்ற கணக்கெல்லாம் வந்தது. பலர் மனு போட்டு, ஆண்டுக்கணக்குக் காட்டி வாங்க வேண்டியிருந்தது.

ஒரே கங்காணி அழைத்து வந்த இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில், தம்பி தம்பின் பக்கத்தில். ஒரே ஆண்டில் இரண்டு வீட்டிலும் பிள்ளை பிறக்கிறது. ஒன்றுக்கு உரிமை பிறப்போடு வருகிறது, மற்றதற்கு வரவில்லை. நடுவில் இருப்பது ஒரு மாநில எல்லைக்கோடு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த மலாக்கா செட்டி சமூகத்தாருக்கும் இதே விதி சாதகமாக இருந்தது.

1956-இல் ரீட் பிரபு தலைமையில் அரசியலமைப்பு ஆணையம் வந்தது. பிறந்த மண்ணே குடியுரிமை தரட்டும் என்று ம.இ.கா.வும் ம.சீ.ச.வும் கேட்டன. கூட்டணிக்குள் பேசிக் கடைசியில் ஒரு சமரசம் எட்டப்பட்டது: சுதந்திர நாள் முதல் இங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பால் குடிமகன், அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்த விதி பின்தேதியிட்டுப் பொருந்தாது. முன்பே கூட்டரசுக் குடிமக்களாக இருந்தவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். மலாக்காவில் பிறந்த பலர் இந்த வகையில் அடங்கினர். மற்றவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். இங்கே பிறந்தவர் என்றால் கடைசி 7 ஆண்டில் 5 ஆண்டு நாட்டில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்து வந்தவர் என்றால் 12 ஆண்டில் 8 ஆண்டு. இரு தரப்புக்கும் அடிப்படை மலாய் தெரிந்திருக்க வேண்டும், விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனு செய்தால் மொழித் தேர்வு கிடையாது. வெளிநாட்டில் பிறந்தவர்களில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் அந்த ஓராண்டுச் சலுகை இருந்தது.

அந்த ஓர் ஆண்டுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது என்பது என் கருத்து. சட்டம் மோசமானதல்ல, அந்தக் காலத்துக்குத் தாராளமானது என்றே சொல்லலாம். ஆனால் அது பதிவு அலுவலகம் வரை போகக்கூடியவர்களுக்கான தாராளம். நகரத்தில் கடை வைத்திருந்தவரும், பத்திரிகை படித்த கிராணியும், தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனவரும் விவரம் அறிந்து மனுப் போட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாள் கூலியை இழக்க முடியாமல், பிறப்புப் பத்திரம் எங்கே என்றும் தெரியாமல் இருந்தவர்கள் பலர் விட்டுவிட்டார்கள். ‘எப்படியும் ஊருக்குப் போய்விடப் போகிறோம், நமக்கெதற்கு?’ என்று இருந்த பெரியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதுவரை போக வரத் தடை இல்லாதிருந்த உலகம் அவர்களுடையது.

1962-இல் சட்டம் இறுகியது. அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு மண் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆனது. பிறகு 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய ‘வொர்க் பெர்மிட்’ வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் செய்த வேலைக்கே அனுமதி கேட்டு நின்றார்கள். ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுக் கப்பல் ஏறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1957-58-இல் தவறவிட்ட ஒரு மனுவின் விலை அது.

போகாதவர்களில் பலர் சிவப்புக் கார்டோடே முதுமை அடைந்தார்கள். 2018-இல்தான், 60 வயதைத் தாண்டிய, சிவப்புக் கார்டு வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரத்தின்போது அவர்களில் பலர் கைக்குழந்தைகளாகவோ பள்ளிப் பிள்ளைகளாகவோ இருந்திருப்பார்கள்.

இன்றும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட தம்பதியரின் பிள்ளையைச் சட்டம் தாயின் நிலையை வைத்தே பார்க்கிறது. தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தையின் நீலக் கார்டு பிள்ளைக்கு உதவாது. பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

வீட்டில் இன்னும் சிவப்புக் கார்டோடு பெரியவர்கள் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அவர்கள் எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில் பிறந்தார்கள் என்பதை. சுதந்திரத்துக்கு முன் மலாக்காவில் பிறந்தவர் என்றால், மேலே சொன்ன காரணத்தால் அந்தப் பிறப்புப் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய பத்திரம் கறையான் அரித்துப் போயிருந்தாலும், பிறந்த தோட்டத்தின் பெயர், தாய் தந்தை பெயர், தோராயமான ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு பதிவைத் தேடித் தரும்படி தேசியப் பதிவிலாகாவில் கேட்கலாம். பெயர் எழுத்துக்கூட்டில் மாறியிருக்கும். கந்தசாமி ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அப்படி இருந்தால் இரண்டு தாளையும் சேர்த்தே கொண்டு போங்கள். இன்று விடுமுறை என்பதால் ஆயர் குரோ அலுவலகம் மூடியிருக்கும். அடுத்த வேலை நாளில் காலையிலேயே போவது நல்லது.